எல்லாம் சொன்ன அத்தை

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கம்பெனி. ஷிப்டுக்கு ஒரு தடவை சங்கு ஊதும். என் அத்தைக்கு அந்த வட்டாரத்தில் நாலாம் ஷிப்டு சங்கு என்று பெயர். கம்பெனிச் சங்குக்காவது ஆயுத பூஜைக்கு லீவு உண்டு.

அப்பாவுக்கு ஒரே தங்கை அவள். எங்களுக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டினம் பக்கம். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். மூலம் முற்றி, ரத்தம் போய்ப் போய் ஆள் வெளுத்துச் செத்தார் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சூட்டு உடம்பு என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. வாரம் இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் குளிப்போம், கருணைக்கிழங்கு தின்போம், சாவோம். மாமாவுக்குக் கம்பெனி பஸ் ஓட்டும் வேலை கிடைத்து அவர்கள் முதலில் ஓசூர் வந்தார்கள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு நானும் அம்மாவும் வந்து, அவர்கள் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி ஒரு வீடு பிடித்தோம்.

அத்தை தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பூ. குளிர் அறைக்குள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று, காம்பின் நீளம் பார்த்துப் பிரித்துக் கட்ட வேண்டும். இதழில் கடுகளவு கறுப்பு தெரிந்தாலும் பூ ஓரத்துக்குப் போய்விடும். கை அந்த வேலையைப் பார்க்கும். வாய்க்குத் தனி வேலை. உடன் நிற்பவள் கன்னடக்காரி என்றால் கன்னடத்தில், தெலுங்குக்காரி என்றால் தெலுங்கில், யாருமில்லை என்றால் ரோஜாவிடம்.

நான் முதன்முதலாக பீர் குடித்தது எல்லை தாண்டி அத்திப்பள்ளியில். அங்கே விலை குறைவு என்று ஓசூர் ஆண்பிள்ளைகள் போகிற தீர்த்த யாத்திரை அது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் ரோஜாப் பண்ணை வேன் டிரைவர் என்பது எனக்குத் தெரியாது. ஏலக்காய் மென்று, கொய்யா இலை மென்று, இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி நடந்து வாசனையைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் அம்மா. ஒரு பாட்டிலா இரண்டா என்று கேட்டாள். நான் யோசிப்பதற்குள் மூன்று கதவு தள்ளியிருந்து பதில் வந்தது: "ரெண்டு, அண்ணி."

இன்னொரு சமயம் லைனில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை மாமாவின் கம்பெனியில் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள். ஓசூரில் அந்த ஒரு சொல் போதும், ஜாதகம், நிறம், மூக்கு எதையும் அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். தட்டு மாற்றப் போகிற நேரம். அத்தை பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "இந்தப் பையன் கான்ட்ராக்ட் வேன்ல இல்ல வரும்? எங்க வூட்டுக்காரரு பஸ்ல நான் பாத்ததே இல்லியே." தட்டு அப்படியே நின்றது. விசாரித்தால் உண்மை. மறுநாள் பெண்ணின் அம்மா வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தைக்குப் பெருமையெல்லாம் இல்லை. "மனசுல வெச்சிக்கினா எனக்குச் சோறு எறங்காதுக்கா" என்றாள்.

அது அவளுடைய வாடிக்கையான பேச்சு. யாருடைய குட்டு உடைந்தாலும் கடைசியில் அவளுக்குச் சோறு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தவர் கதையை மட்டும் சொன்னால் அவளை வம்புக்காரி என்று ஒதுக்கிவிடலாம். தன் கதையையும் சொல்வாள். கர்ப்பப்பையை எடுத்தபோது எத்தனை தையல் என்பது, அவள் தளி ரோடு வரை ஏறிப் போகிற மாமாவின் கம்பெனி பஸ் முழுக்கத் தெரியும். பின் சீட்டில் சரியாகக் கேட்காதவர்களுக்குத் திரும்ப எண்ணிச் சொன்னாள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்ப்பார். அந்த மனிதர் ஒரு விபத்துகூட இல்லாமல் ரிடையர் ஆனதற்கு அவருடைய அந்த வைராக்கியம்தான் காரணம்.

அப்பேர்ப்பட்டவள் இரண்டாயிரத்து மூன்றில் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் படுத்திருந்துவிட்டு வந்து, மூலம் என்றாள். யார் சந்தேகப்படுவார்கள்?

சும்மா மூலம் என்று சொல்லி நிறுத்தினாளா? எப்படி எரிந்தது, எப்படி உட்கார முடியவில்லை, எந்தப் பக்கம் படுத்தால் தேவலை, நர்சு என்ன திட்டினாள், அத்தனையும். கேட்கிறவர்களுக்கே உட்கார முடியாமல் போனது. அதற்கப்புறம் லைனில் யாருக்கு அந்த இடத்தில் என்ன என்றாலும் அவள்தான் முதல் டாக்டர். மூலம் பௌத்திரம் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தவரின் வியாபாரம் எங்கள் பகுதியில் படுத்தேவிட்டது. இவ்வளவு விவரம் சொல்கிறவளிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? மூலத்துக்கு எதற்கு வயிற்றில் அவ்வளவு நீளத் தழும்பு என்றுகூட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆள் பாதியாகிவிட்டாள். பஸ்ஸில் கதவோரச் சீட்டில்தான் உட்காருவாள். ஒயர் கூடையில் எந்நேரமும் ஒரு மாற்றுப் புடவை. கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் பந்தி எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், எங்கள் அத்தை வேறொன்று எந்தப் பக்கம் என்று கேட்பாள். இந்த ஜோக்கை நான் ஒரு இருபது வீட்டிலாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதிகமாகச் சிரித்தது அவள்தான். விசேஷ வீடுகளில் இலை முன்னால் உட்காருவதையே விட்டுவிட்டாள். மோர் மட்டும் குடிப்பாள். கேட்டால், "சோறு எறங்கல சாமி."

அந்த வருஷம்தான் என்னை வேண்டாம் என்றும் சொன்னாள்.

நான் பிறந்தபோது என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு இவன் என் மருமகன் என்று சொன்னவள் அவள். அதற்கப்புறம் மூன்று வருஷம் கழித்துத்தான் அவளுக்குப் பெண்ணே பிறந்தாள், அது வேறு விஷயம். விவரம் தெரிந்த நாள் முதல் என்னை மருமவனே என்றுதான் கூப்பிடுவாள். அத்தை மகளும் நானும் அதைக் கேட்டுக்கேட்டு, தெருவுக்குப் பெயர் இருப்பது மாதிரி, யோசிக்காமலே ஒத்துக்கொண்டிருந்தோம். நான் பர்மனென்ட் ஆன மாதம், அம்மா தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு மூன்று கதவு நடந்து போனாள். கேட்கிறது ஒரு சம்பிரதாயத்துக்கு.

திரும்பி வந்த அம்மாவின் தட்டில் பழம் அப்படியே இருந்தது.

"அவன் கோமாளி, அண்ணி. எம் பொண்ணு அழுதாலும் அதுக்கும் சிரிப்பான்" என்றாளாம் அத்தை. அறைக்குள் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். சங்கு ஆயிற்றே. தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மறுநாள் காலையில் என் கம்பெனி கேன்டீனில் ஒருவன் "வாய்யா கோமாளி" என்றான். நானும் சிரித்துக்கொண்டே தட்டில் உப்புமாவை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அழுதால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். அம்மா ஒரு வருஷம் அத்தையோடு பேசவில்லை. அன்றோடு அத்தை என்னை மருமவனே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சாமி என்றாள்.

அடுத்த வருஷம் அத்தை மகளைக் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அந்த வருஷமே எனக்கும் நாகரசம்பட்டியில் பெண் பார்த்தார்கள். சாந்தி. எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லாததால், நாத்தனார் போட வேண்டிய மூன்றாவது முடிச்சை அத்தைதான் போட்டாள். நான் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுக்க, பின்னாலிருந்து அவள் கை வந்தது. குளிர் அறையில் வேலை செய்து சில்லென்று இருக்கிற கை. முடிச்சு விழ நேரமானது. "மூலம் விரலுக்கும் வந்துருச்சா அத்தை?" என்று மெல்லக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது அதை நான் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு என்னைப் பற்றி அப்படி ஒரு அபிப்பிராயம்.

இன்னொன்றும் உண்டு. அத்தை மகளும் அத்தையும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஜவுளி எடுக்க பெங்களூர் போவார்கள். சிக்பேட்டைக்கு. போய்விட்டு ஆளுக்கொரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்புவார்கள். சிக்பேட்டைக்குப் போய் வெறுங்கையோடு வருகிற பெண்களை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், உண்மையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஜோக் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழு. சாந்தியின் மடியில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. ஒரு காலையில் கக்கூஸில் ரத்தம் பார்த்தேன்.

நான் தைரியசாலி. அதனால் முதல் நாள் அதை முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட் என்று முடிவு செய்தேன். இரண்டாம் நாள், பீட்ரூட்டின் மிச்சம். மூன்றாம் நாள் சாந்தியிடம், நாம் கடைசியாக பீட்ரூட் எப்போது சமைத்தோம் என்று சாதாரணமாகக் கேட்டேன். நம் வீட்டில் பீட்ரூட் வாங்கியே ஆறு மாசமாகிறது என்றாள். அன்று மெஷினில் ஒரே அளவை மூன்று தடவை தப்பாகப் படித்தேன். உயில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரு டி.வி.எஸ். வண்டி, அதுவும் தவணையில். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கருணைக்கிழங்கு தின்றேன். கடைசியில், லைனின் ஆஸ்தான மூல டாக்டரிடம் போனேன்.

அத்தை வாசலில் உட்கார்ந்து பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். உன் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள் அத்தை, எனக்கும் வந்துவிட்டது, வெறும் தண்ணீர் மாதிரி சிவப்பு என்றேன். வைத்தியம் கொட்டும் என்று காத்திருந்தேன்.

ஒன்றும் கொட்டவில்லை. நாடா கோக்கிற ஊக்கு பாதியில் நின்றது. என் வாழ்க்கையில் முதன்முதலாக அத்தை பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். சங்கு நின்றால் ஷிப்டுக்குப் பழகினவனுக்கு ஒரு கலவரம் வருமே, அது வந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"பத்து நாள் இருக்கும்."

"நாளைக்குக் காலைல கெளம்பு. பெங்களூரு போறோம்."

மூலத்துக்கு எதற்கு பெங்களூர் என்றேன். "போலாம்னா வா" என்று உள்ளே போய்விட்டாள்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னாலேயே நின்றாள். ஒயர் கூடைக்குள் பிளாஸ்டிக் கவரில் ஒரு ஃபைல். பஸ்ஸில் இரண்டு ஜோக் சொன்னேன். பெங்களூர் தொடங்குகிற சில்க் போர்டு வருகிற வரைக்கும் அவள் ஜன்னலையே பார்த்தாள்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க கன்னடக்காரர். அத்தையைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஃபைலை வாங்கிப் புரட்டி உள்ளேயிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். கட்டமும் வட்டமுமாகக் கோடு போட்டு இணைத்த ஒரு படம். ஆண் கட்டம், பெண் வட்டம். சிலதைப் பேனாவால் கறுப்பாக நிரப்பியிருந்தது. என்னைக் காட்டி, இவர்தான் அண்ணன் மகனா என்று கன்னடத்தில் அவளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். "நால்கு வர்ஷ ஆய்த்தம்மா", நாலு வருஷம் ஆகிவிட்டதே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் பிள்ளையை அந்த மாதமே கூட்டிவரச் சொல்லியிருந்தேனே, எங்கே போனீர்கள் என்றார். ஓசூரில் பன்னிரண்டு வருஷம் இருந்தவனுக்கு அந்தக் கன்னடம் புரியாது என்று இருவரும் நினைத்தார்களோ என்னவோ.

நான் தாளைப் பார்த்தேன். மேலே ஒரு கறுப்புக் கட்டம், தாத்தா. அதன் கீழே ஒரு கறுப்புக் கட்டம், அப்பா. பக்கத்தில் கறுப்பு வட்டம், அத்தை. அத்தைக்குக் கீழே ஒரு வெள்ளை வட்டம், அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் சில தேதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். அப்பாவுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம். அதற்குள் என் பெயரின் முதல் எழுத்தும் ஒரு கேள்விக்குறியும். மை மங்கியிருந்தது. நான் நாலு வருஷமாக அந்தத் தாளில் கேள்விக்குறியாக இருந்திருக்கிறேன். அந்த நாலு வருஷத்தில் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, பீட்ரூட்டைச் சந்தேகப்பட்டு.

டாக்டர் எனக்கு ஆங்கிலமும் கன்னடமும் கலந்து விளக்கினார். பெருங்குடலுக்குள் பரு மாதிரி முளைப்பது. பாலிப் என்று பெயர். எல்லாருக்கும் ஒன்றிரண்டு வரும். சில குடும்பங்களில் ரத்தத்திலேயே வந்து, நூற்றுக்கணக்கில் முளைக்கும். விட்டுவைத்தால் அதில் ஏதாவது ஒன்று கட்டாயம் புற்றாகும். அப்பாவுக்கு மூலம் வரவே இல்லை. அத்தைக்கும் வரவில்லை. அவளுக்குக் கடைசியில் கொஞ்சம் மட்டும் விட்டுவைத்துப் பெருங்குடலையே எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு. ஒரே ரத்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்க வேண்டாம் என்றும் அன்றே அவளிடம் சொல்லியிருந்தாராம்.

கோமாளி என்று ஊர் கேட்கச் சொன்னதன் காரணம் அந்த நாற்காலியில் எனக்குக் கிடைத்தது. சிக்பேட்டைப் புடவைகளும் கிடைத்தன. அந்த டிக்குகள்தான் புடவை.

வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். இளநீர் வாங்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

"செத்துப்போன எங்கப்பன் கதைய மொத்தம் அவருகிட்டச் சொல்லியிருக்க. நான் மூணு கதவு தள்ளி இருந்தேன் அத்தை."

அவள் ஒயர் கூடையின் பிடியை நிமிண்டிக்கொண்டிருந்தாள். "பொண்ணுக்கு ஒரு கல்யாணம் ஆவட்டும்னு பாத்தேன். வம்சத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா யாரு எடுப்பாங்க? உங்கிட்டச் சொன்னா நீ அத ஜோக்காக்கி ஊரு பூரா சொல்லுவ. நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது வாய மூடணுமே சாமி."

"அவளுக்குத்தான் மறுவருஷமே கல்யாணம் ஆயிடுச்சே?"

ஒரு ஆம்புலன்ஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுத் திரும்பியும் போய்விட்டது.

"அதுக்கப்புறம் சொன்னா, ஏன் முன்னியே சொல்லலன்னு கேப்பியே" என்றாள்.

சாந்தி கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. ஒரு ஜோக்காவது வருமா என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்ட வாய் அன்றைக்கு ஸ்டிரைக்.

உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் குடலைக் கழுவ வேண்டும். அதற்கு ஒரு உப்புத் தண்ணீர் கொடுக்கிறார்கள். ஒரு குடம் என்றே சொல்லலாம், கால் மணிக்கு ஒரு டம்ளர். எங்கள் லைனில் ஆறு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். நான் கம்பெனியில் வேலை செய்கிறவன், திட்டமிடத் தெரியும். காலையிலேயே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்க் கக்கூஸ் கதவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்க நிற்கிற மாதிரி வாளியோடு நின்றார்கள். எழுந்து, போய், வந்து, எழுந்து. ஒரு கட்டத்தில் நாற்காலி எனக்கு வெறும் அலங்காரம். சாந்திக்கு மூலத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். குழந்தை என்னை எண்ணத் தொடங்கியது. அதற்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும், பாவம், பாதியில் மாட்டிக்கொண்டது.

தண்ணீர் சுமந்தது அத்தை. குழாயடியிலிருந்து வாளி வாளியாக. அவளுக்கும் நடுநடுவே அந்தக் கதவு தேவைப்பட்டது, எனக்கு முன்னால் போகக் கூச்சப்பட்டுப் பக்கத்துக் கதவில் காத்து நின்றாள். எலுமிச்சை பிழிந்து ஒரு சொம்பு கொண்டுவந்து நாற்காலிக் காலடியில் வைத்தாள். நான் அதைத் தொடவில்லை. சாயந்திரம் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் டி.வி. மாதிரி ஒரு திரையில் காட்டினார்கள். அரை மயக்கத்தில் பார்த்தேன். ரோஸ் நிறச் சுவர் முழுக்க வேர்க்குரு போட்டிருந்தது. டாக்டர் முதலில் எண்ணினார், அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஒரு வளைவில் மட்டும் ஒன்று பெரிதாக, விளிம்பு கறுத்து. ரோஜாப் பண்ணையாக இருந்தால் அத்தை அந்தக் கணமே தூக்கி ஓரத்தில் போட்டிருப்பாள்.

அந்த ஒன்று புற்றாகியிருந்தது. ஆரம்பக் கட்டத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது, குடலை எடுத்துவிட்டு ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். தாளில் என் கேள்விக்குறியை அடித்துவிட்டுக் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். நிரப்பிக்கொண்டே, நாலு வருஷம் முன்னால் இது வெறும் பருவாகத்தான் இருந்திருக்கும் என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். கக்கூஸுக்கா வேறெதற்கா என்று தெரியாது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது எனக்கு வந்த பயம் சாவைப் பற்றி அல்ல. சாந்தியைப் பற்றி. வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்ற அளவுக்கு அவளிடம் சொல்லியிருந்தேன். பரம்பரை என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையைப் பார்ப்பாள். அப்புறம் என்னைப் பார்ப்பாள். தெரிந்தே கட்டி வைத்துவிட்டார்கள் என்று அவள் அப்பா நாகரசம்பட்டியிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருவார். கொஞ்சம் உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆக, பெஞ்சில் பேசிய நாளுக்கப்புறம் நானாக அத்தையிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "சாந்திகிட்ட பரம்பரைன்னு சொல்லிடாத. நான் பாத்துச் சொல்லிக்கறேன்."

"சரி சாமி" என்றாள்.

நிம்மதியாகத் தூங்கினேன். ஊரில் வேறு எந்த விஷயத்தில் அவளை நம்ப முடியாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் நம்பலாம். நாலு வருஷ அனுபவம் இருக்கிறதே.

மறுநாள் மதியம், பார்வையாளர் நேரம். வார்டுக்கு வெளியே வராந்தாவில் சங்கு ஊதியது.

"ஒக்காரு கண்ணு. இந்தத் தாளப் பாரு. இந்தக் கட்டம் எங்கப்பன். இது எங்கண்ணன். இது நான்..."

எனக்கு மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், இன்னும் சொல்ல முடியாத இடத்தில் ஒரு குழாய். எழுந்து ஓடிப்போய் அவள் வாயைப் பொத்த முடியாது. படுத்தபடி கேட்டேன். நான் மட்டுமா, வார்டே கேட்டது. தரை துடைக்கிற அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு "ஹௌதா?", அப்படியா என்று கேட்க, அவளுக்காகக் கன்னடத்தில் ஒரு தடவை சொன்னாள் அத்தை. நாலு வருஷம் தெரியும் என்றாள். தெரிந்துதான் பெண்ணைக் கொடுக்கவில்லை என்றாள். தெரிந்தே உன் கழுத்தில் முடிச்சுப் போட்டேன் என்றாள். ஒன்றையும் விடவில்லை, தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. "பத்து வயசானா உம் பொண்ணக் கூட்டினு போ. யாரு சொன்னாலும் நிக்காத. வருசா வருசம் கூட்டினு போ." அத்தை மகளின் மாமியார் வீட்டுக்கும் காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம். அங்கே என்ன சொன்னார்கள் என்று சாந்தி கேட்டாள். திட்டுகிறார்கள் என்றாள்.

சாந்தி உள்ளே வந்தாள். கையில் அந்தத் தாள். என் கறுப்புக் கட்டத்துக்குக் கீழே, அத்தையின் கோணல் கையெழுத்தில், புதிதாக ஒரு வட்டம். அதற்குள் ஒரு கேள்விக்குறி.

"ஒனக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"பதினெட்டு நாளா."

"ஏன் சொல்லல?"

நான் யோசித்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனாலும் வந்தது அதுதான். முதலிலேயே சொல்லவில்லை, அப்புறம் சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாய் என்று நினைத்தேன் என்றேன். சொல்லி முடிக்கும்போது குரல் எங்கேயோ கேட்டதாக இருந்தது.

வாசலில் நின்ற அத்தை சொன்னாள்: "அவன் சொல்ல மாட்டான் கண்ணு. எங்க வூட்டு ரத்தம்."

அப்புறம் அவள் செய்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. வராந்தாவில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சாந்தி கொண்டுவந்திருந்த தூக்கைத் திறந்தாள். யாரையும் கேட்கவில்லை. சோற்றை அள்ளி மூடியில் போட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். விசேஷ வீடுகளில் மோர் குடித்தே நாலு வருஷம் ஓட்டியவள் மொத்தச் சோற்றையும் சாப்பிட்டாள். நடுவில் மூன்று தடவை எழுந்து ஓடினாள், கையைக் கழுவிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டாள். அது எனக்குக் கொண்டுவந்த சோறுகூட இல்லை, எனக்கு அன்று வெறும் குளுக்கோஸ். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லாமலும் என்னைக் கெடுத்தாள், சொல்லியும் கெடுத்தாள், இப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

இரண்டு வருஷம் கழித்துப் போய்விட்டாள். மகளைக் காட்ட ஒழுங்காகப் போனவள், தன்னைக் காட்டுவதை மட்டும் பாதியில் விட்டிருந்தாள். மிச்சம் வைத்த கொஞ்சூண்டு குடலில் புற்று வந்தது. எழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவள் உடைத்த குட்டுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்னை ஒரு ஜோக் சொல்லச் சொன்னார்கள். கக்கூஸ் எந்தப் பக்கம் என்கிற பழைய ஜோக்கைப் பாதி சொன்னேன்.

என் மகளுக்குப் பத்து வயதானபோது சாந்திதான் கூட்டிக்கொண்டு போனாள். நாலைந்து இருந்தன, கடுகளவு. எடுத்துவிட்டார்கள். வருஷா வருஷம் பார்க்கிறார்கள். இவளுடைய வட்டமும் கறுப்புத்தான். ஆனால் இவளுக்கு நாலு வருஷம் காணாமல் போகவில்லை. நன்றியோடு இருக்க வேண்டும் என்று தெரிகிறது. என் நாலு வருஷத்தை நினைத்தால் அந்த நன்றி பாதித் தொண்டையில் நின்றுவிடுகிறது.

எனக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கேமரா உண்டு. மூவரும் ஒரே பஸ்ஸில் பெங்களூர் போகிறோம். கதவோரச் சீட்டில் இப்போது நான். மடியில் ஒயர் கூடை, உள்ளே ஒரு மாற்று வேட்டி. அத்திப்பள்ளி தாண்டும்போது சாந்தி எப்போதும் அதே கேள்வியைக் கேட்பாள், அத்தையை மன்னித்துவிட்டாயா என்று.

"இல்ல" என்பேன்.

"நானும் இல்ல" என்பாள். யாரை என்று சொல்ல மாட்டாள். நானும் கேட்பதில்லை.